தேக்குக்கு நூறு மார்க், மத்த மரத்துக்கெல்லாம்?

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் நம்ம நாட்டு மரங்களைச் சோதிச்சு போட்டிருக்கற அட்டவணை ஒண்ணு இருக்கு. உத்தரமா போட்டா எவ்ளோ தாங்கும், வளையாம எவ்ளோ விறைப்பா நிக்கும், தூணா நிறுத்துனா என்ன ஆகும், அடிச்சா தாங்குமா, காய்ஞ்சா உருவம் மாறுமா, எவ்ளோ கடினம்னு ஒவ்வொரு மரத்துக்கும் வரிசையா நம்பர் போட்டிருப்பாங்க. அதுல அளவுகோலே தேக்குதான். தேக்குக்கு எல்லாப் பாடத்துலயும் 100, மத்த மரமெல்லாம் தேக்கை வச்சு மார்க் வாங்கணும். வீடு கட்டும்போது கதவு நிலைக்கு என்ன மரம் போடறதுனு தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தப்பதான் இது என் கண்ணுல பட்டுச்சு, அன்னைல இருந்து இந்த மர ஆராய்ச்சிப் பைத்தியம் என்னை விடல.

வேடிக்கை என்னன்னா அந்த அட்டவணையில தேக்கு முதல் ரேங்க் மாணவன் கிடையாது. பலத்துலயும் கடினத்துலயும் சால் மரம் தேக்கைத் தாண்டிருது, கடினத்துல கருமருதும் அப்படித்தான். எடைன்னு பாத்தா தேக்கு நடுத்தரம்தான், நல்லா காய்ஞ்சது கன மீட்டருக்கு அறுநூத்திச் சொச்சம் கிலோ. ஆனா "உருவம் மாறாம இருக்கறது"ங்கற ஒரே ஒரு பாடத்துல தேக்கு கிட்ட நெருங்கறவங்க ரொம்பக் கம்மி. மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, முறுக்கிக்கிட்டு, ஐப்பசியில சாத்த முடியாம சித்திரையில இடுக்கு விடற கதவை நாம எல்லாருமே பாத்திருக்கோம். தேக்கு அந்தச் சேட்டையைப் பண்றது கம்மி, கரையானும் கிட்ட வராது, இழைப்புளிக்கும் படியும். இந்த மூணும் ஒரே மரத்துல சேந்து இருக்கறதாலதான் அது ராஜா.

இதுல ஒரு விஷயம் நம்ம ஆளுங்க பேசும்போது விட்டுப் போயிடும். கரையான் வராதுங்கறது தேக்கோட வைரத்துக்கு, அதாவது நடுவுல இருக்கற கருத்த மரத்துக்கு மட்டும்தான், அதைச் சுத்தி இருக்கற வெளிறின வெள்ளைக்கு இல்ல. மரம் வயசாக ஆக உள்பக்கம் சாகற செல்லுக்குள்ள டெக்டோகுயினோன் மாதிரி சில பொருள் படியுது, எண்ணெய்ப் பசையும் சேருது, அதுதான் பூச்சிக்குப் பிடிக்காம போகுது. வெள்ளையில இது எதுவும் கிடையாது, கரையான் பாயசம் மாதிரி சாப்பிடும். இப்ப பதினஞ்சு இருபது வருஷத்துல வெட்டற தோட்டத் தேக்குல வெள்ளை கணிசமா இருக்கும். அதை வார்னிஷ்ல கலர் கலந்து ஒரே நிறமா அடிச்சுட்டா யாருக்குத் தெரியும்? எங்க ஆசாரி ஒரு சட்டத்தைத் திருப்பிக் காட்டி "தம்பி, பேருதான் தேக்கு, பாதி வெள்ளை, இதுக்கு நீங்க நல்ல வேப்ப மரம் வாங்கியிருக்கலாம்"னு சொன்னாரு. எங்கம்மா பக்கத்துலயே நின்னுக்கிட்டு "வேப்ப மரத்துல நிலை வைக்கவா கடன் வாங்குனோம்"னு கேட்டாங்க, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

அப்புறம் பர்மா தேக்கு. காரைக்குடி பக்கத்து வீடுகள்ல முகப்புல நிக்கற தூணைப் பாத்தவங்களுக்கு அந்தப் பேரு மேல மயக்கம் வரத்தான் செய்யும், நகரத்தார் ரங்கூன்ல வட்டித் தொழில் பண்ணி கப்பல்ல கொண்டு வந்த மரம் அது, இன்னும் கல்லு மாதிரி நிக்குது. ஆனா மியான்மர் அரசாங்கம் 2014 ஏப்ரல் 1ல இருந்து உருண்டை மரம் ஏத்துமதியை நிறுத்திருச்சு. அறுத்த மரம் கொஞ்சம் வரும். அப்ப ஊருக்கு ஊர் போர்டு போட்டு விக்கற அத்தனையும் எங்க இருந்து வருது? நம்ம துறைமுகத்துல இறங்கற தேக்குல நிறைய கானா, நைஜீரியா, ஈக்வடார், கோஸ்டா ரிக்கா மாதிரி நாடுகள்ல தோட்டம் போட்டு வளத்தது. அதுவும் தேக்குதான், பொய் இல்ல. ஆனா அது பர்மா காட்டுல நூறு வருஷம் மெதுவா வளந்த மரம் இல்ல.

சரி, ஒரு மரம் எத்தனை வருஷம் உழைக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க எப்படித்தான் கண்டுபிடிக்கறாங்க? நான் ஏதோ பெரிய மிஷின் வச்சிருப்பாங்கனு நினைச்சேன். இல்லைங்க. ரெண்டு அடி நீளம், ரெண்டுக்கு ரெண்டு இஞ்ச் கனத்துக்கு முளைக்குச்சி மாதிரி அறுத்து, கரையான் இருக்கற நிலமா பாத்து, பாதியை மண்ணுக்குள்ள பாதியை வெளியவுமா வரிசையா நட்டு வைக்கறாங்க. அந்த இடத்தைத் தூரத்துல இருந்து பாத்தா கல்லறைத் தோட்டம் மாதிரியே இருக்கும், சோதனைக்குப் பேரும் கல்லறைச் சோதனைதான். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு குச்சியா பிடுங்கிப் பாத்து எவ்ளோ தின்னுருக்கு எவ்ளோ உளுத்துருக்குனு எழுதிட்டுத் திரும்ப நட வேண்டியது. சராசரியா 120 மாசத்துக்கு மேல தாங்குனா முதல் வகுப்பு, 60ல இருந்து 120 மாசம்னா ரெண்டாவது, அதுக்குக் கீழ மூணாவது. அவ்ளோதான். பத்து வருஷம் காத்திருந்தாதான் ஒரு மரத்துக்கு முதல் வகுப்பு குடுக்க முடியும், நட்டு வச்ச ஆளு ரிட்டயர் ஆயிட்டு அடுத்தவர் வந்து எண்ணுவாரு. அவசரப்பட்டு கட்டுரை எழுதித் தள்ளற இந்தக் காலத்துல இதைப் படிச்சப்ப எனக்கு மரியாதை வந்துச்சு.

டேராடூன்ல இந்த நிறுவனம் 1906ல ஆரம்பிச்சது. இப்ப இருக்கற அரண்மனை மாதிரி கட்டடம் 1929ல திறந்தது. அங்க இருக்கற மர மியூசியத்துல 700 வருஷத்துக்கு மேல வயசான தேவதாரு மரத்தோட குறுக்கு வெட்டு ஒண்ணு வச்சிருக்காங்க, டூரிஸ்ட் எல்லாம் அது முன்னாடி நின்னுதான் போட்டோ எடுப்பாங்க. வெள்ளைக்காரன் அந்த நிறுவனத்தைக் கட்டுனது நம்ம கதவுக்காக இல்ல. ரயில் தண்டவாளத்துக்குக் கீழ போடற மரக்கட்டை லட்சக்கணக்குல தேவை, நல்ல மரம் தீந்துக்கிட்டே வருது, மூணாவது வகுப்பு மரத்தை எப்படி முதல் வகுப்பு மாதிரி உழைக்க வைக்கறதுங்கறது அவங்க பெரிய கவலைகள்ல ஒண்ணு.

அந்தக் கவலைக்கு அங்க ஒரு பதில் கிடைச்சுது. சொந்தி காமேசம்னு ஒரு விஞ்ஞானி, ஆந்திராக்காரர், இந்த டேராடூன் நிறுவனத்துல வேலை பாத்தவர். 1933ல அவர் கண்டுபிடிச்ச மருந்துதான் பின்னாடி உலகம் முழுக்க மரத்தைக் காப்பாத்துச்சு. அதுக்கு முன்னாடியும் செம்பு உப்பு, ஆர்சனிக் எல்லாம் மரத்துக்குள்ள ஏத்திப் பாத்திருக்காங்க, செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் கரையானைக் கொல்லும், ஆனா ரெண்டும் தண்ணியில கரையற உப்பு, நாலு மழை பெஞ்சா கழுவிட்டுப் போயிடும், திரும்ப வெறும் மரம். காமேசம் பண்ணது என்னன்னா கூடவே குரோமியத்தைச் சேத்தாரு. குரோமியம் மரத்துக்குள்ள போய் அந்த மரச்சத்தோடயே வினை புரிஞ்சு, தானும் கரையாத பொருளா மாறி, செம்பையும் ஆர்சனிக்கையும் இழுத்துப் பிடிச்சு உக்கார வச்சிருது. மழை பெஞ்சாலும் லேசுல போகாது. படிக்கும்போது ரொம்ப எளிமையா இருக்கு, ஆனா மூணையும் இப்படிச் சேத்துப் பாக்க அதுவரைக்கும் யாருக்கும் தோணல.

ஆர்சனிக்குக்கும் (As) செம்புக்கும் (Cu) உள்ள வேதியியல் குறியீட்டைச் சேத்து ஆஸ்குனு பேரு வச்சு வித்தாங்க. 1938ல அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சுது. அமெரிக்காக்காரன் டெலிபோன் கம்பத்துக்குப் போட்டான், அப்புறம் வேலி, வீட்டுப் பின்பக்கம் போடற மரத்தளம், குழந்தைங்க விளையாடற ஏணி ஊஞ்சல்னு எல்லாத்துக்கும் அதுதான், பச்சை சாயல் அடிச்ச அந்த மரம் இல்லாத வீடே கம்மிங்கற அளவுக்குப் போச்சு. கடைசியில ஆர்சனிக் ஆர்சனிக்தானே, குழந்தைங்க கைபடற இடத்துல எதுக்குனு கேள்வி வந்து 2003 கடைசியோட வீட்டு உபயோகத்துக்கு நிறுத்திட்டாங்க. அது சரியான முடிவுதான், அந்த மருந்து ஏத்துன மரத்தை விறகா எரிக்கறதும் கூடவே கூடாது. ஆனா எழுபது வருஷத்துல அந்த மருந்தால எத்தனை மரம் வெட்டப்படாம தப்பிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அஞ்சு வருஷத்துல உளுத்துப் போற கம்பம் முப்பது நாப்பது வருஷம் நின்னா அத்தனை தடவை காட்டுக்குப் போக வேண்டியதில்லையே. காமேசம் பேரை நம்ம பாடப் புத்தகத்துல நான் பாத்ததில்ல.

இப்ப ரப்பர் மரத்துக்கு வரேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. எங்க தூரத்துச் சொந்தத்துல ஒரு மாமா மலேசியாவுல எஸ்டேட்ல பிறந்து வளந்தவர், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருவாரு. எங்க வீட்டு சமையலறையில நான் போட்டிருந்த ரப்பர் மரப் பலகையைப் பாத்துட்டு "டேய், இதையா காசு குடுத்து வாங்குன, நாங்க இதை அடுப்புல வச்சு சோறாக்குனோம்டா"னு சிரிச்சாரு. அவர் சொன்னது உண்மைதான். பிரேசில் மரம், 1876ல ஹென்றி விக்காம்ங்கறவர் எழுபதாயிரம் விதை லண்டனுக்குக் கொண்டு போய், அங்க முளைச்ச கன்று இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து, நம்ம தமிழ் ஜனங்க கப்பலேறிப் போய் பால் வெட்டி வளத்த தோட்டம். இருபத்தஞ்சு முப்பது வருஷத்துல பால் குறைஞ்சுரும், வெட்டிட்டு புதுக் கன்று நடணும். வெட்டுன மரத்தை என்ன பண்றது? எரிச்சாங்க. புகை போட்டு ரப்பர் ஷீட் காய வைக்க எரிச்சாங்க, செங்கல் சூளைக்கு எரிச்சாங்க, மிச்சத்தைத் தோட்டத்துலயே குமிச்சு எரிச்சாங்க.

ஏன் எரிச்சாங்கன்னா அது அவ்ளோ சீக்கிரம் கெட்டுப் போற மரம். ரப்பர்ல தேக்கு மாதிரி வைரம்னு தனியா எதுவும் கிடையாது, அடி முதல் நுனி வரை ஒரே வெளிறின மரம், உள்ள மாவும் சர்க்கரையும் நிறைய. வெட்டிப் போட்ட சில நாள்லயே நீலக் கறை பூஞ்சை ஏறிரும், பின்னாடியே பொடி வண்டு வந்து துளை போட்டு மாவு மாதிரி கொட்டும். கல்லறைச் சோதனையில மூணாவது வகுப்புலயும் கடைசி பெஞ்ச். ஆனா இன்னொரு பக்கம் பாருங்க, எடை ஏறக்குறைய தேக்கு மாதிரியே. பச்சையில இருந்து முழுசா காய்ஞ்சா குறுக்குவாட்டுல தேக்கு சுமாரா 6 சதவீதம் சுருங்கும்னா ரப்பர் 5 சதவீதம் பக்கம். வேலைப்பாட்டுக்கு நல்லா வளைஞ்சு குடுக்கும், வெளிர் நிறம்ங்கறதால எந்தக் கலரும் ஏறும். கூடப் பிறந்த ஒரே குறை அந்தச் சர்க்கரை.

மலேசியாவுல கெப்போங்ல ஒரு வன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, 1929லயே ஆரம்பிச்சது. அவங்களும் கேரளாவுல பீச்சியில 1975ல வந்த வன ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்களும் இன்னும் பல பேரும் இதுல உக்காந்து வேலை பாத்தாங்க. கண்டுபிடிச்ச வழியில மந்திரம் ஒண்ணும் இல்ல. மரம் விழுந்த உடனே, நாள் கடத்தாம, பூஞ்சை வரதுக்கு முன்னாடி அறுக்கணும். அறுத்த பலகையை இரும்பு உருளைக்குள்ள அடைச்சு காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணியை அழுத்தத்துல ஏத்தணும். அப்புறம் சூட்டு அறையில வச்சு 10 சதவீத ஈரத்துக்கு நிதானமா காய வைக்கணும். மனுஷனுக்குப் பெருசா ஆபத்தில்லாத மருந்து அது. ஒரே கண்டிஷன், போரான் மழையில கரைஞ்சு போயிடும், அதனால வீட்டுக்குள்ள மட்டும்தான். கேரம் போர்டுல போரிக் பவுடர் போட்டிருப்போமே, அதேதான், அதுதான் ஒரு நாட்டோட பர்னிச்சர் தொழிலையே தூக்கி நிறுத்துச்சு.

1980களுக்கு அப்புறம் மலேசியா பர்னிச்சர் ஏத்துமதியில பெரும்பங்கு ரப்பர் மரம். ஜொகூர்ல மூவார்ங்கற ஊரு முழுக்க அந்தத் தொழில்தான். உலகச் சந்தையில இதை பாராவுட்ங்கறாங்க, மலேசியன் ஓக்னுகூட சொல்லி விக்கறாங்க, ஓக் மரத்துக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எந்தக் காட்டையும் தொடாம, பால் கறந்து முடிச்ச மரத்துல இருந்து நாற்காலி. மாமாகிட்ட இதெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பலகையைத் தடவிப் பாத்துட்டு "பால் வெட்டுனதுக்கும் நாளைக் கூலி, மரத்தை வெட்டுனதுக்கும் நாளைக் கூலி, லாபம் வந்தது எங்களுக்குத் தெரியாமலே போச்சுடா"ன்னாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

நம்ம பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்துல கீரிப்பாறை, குலசேகரம்னு மலையடிவாரம் முழுக்க ரப்பர்தான். அரசு ரப்பர் கழகம் 1984ல வந்தது, இலங்கையில இருந்து தாயகம் திரும்புன தமிழர்கள் நிறைய பேர் அங்க வேலைக்குப் போனாங்க. அங்க வெட்டற மரம் பெரும்பாலும் கேரளாவுக்கு லாரி ஏறுது, பெரும்பாவூர்ல பிளைவுட் ஆகுது, பேக்கிங் பெட்டி ஆகுது. நாகர்கோவில்ல கதவு வாங்கப் போனா மறுபடி தேக்குதான் காட்டுவாங்க.

நடுவுல சட்டம் ஒண்ணு எல்லாத்தையும் மாத்திருச்சு. நீலகிரியில கூடலூர் பக்கம் காடு அழியறதைப் பாத்து கேரளாவுல நிலம்பூர் கோவிலகம்ங்கற ராஜ குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட் 1995ல உச்ச நீதிமன்றம் போனாரு. 1840கள்ல கப்பல் கட்ட மரம் தீந்து போச்சுனு மலபார் கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் போட ஆரம்பிச்ச அதே நிலம்பூர். 1996 டிசம்பர் 12ல வந்த உத்தரவுக்கு அப்புறம் மத்திய அரசு ஒத்துக்கிட்ட திட்டம் இல்லாம காட்டுல கோடாலி வைக்க முடியாது. நல்லதுதான். அதுக்கு முன்னாடியே 1993ல மத்திய பொதுப்பணித் துறை தன்னோட கட்டடங்கள்ல மரமே போடக் கூடாதுன்னு சொல்லிருச்சு, அந்தத் தடையை எடுக்க 2020 ஆச்சு. இந்த இருபத்தேழு வருஷத்துல நாம அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக் ஜன்னலுக்கும் பழகிட்டோம். ஒரு கிலோ அலுமினியம் எடுக்க எவ்ளோ கரண்டு போகுதுனு யாரும் கேக்கல, மரம் வெட்டுனா பாவம்ங்கறதோட கணக்கு முடிஞ்சு போச்சு. எனக்கு இந்த இடத்துல கொஞ்சம் கோவமே வரும். காட்டு மரத்தை வெட்டாதேங்கறதும் மரத்தையே பயன்படுத்தாதேங்கறதும் ஒண்ணு இல்ல. இன்னைக்கு நாட்டுல மரத் தேவையில பெரும்பகுதி காட்டுக்கு வெளிய, வரப்புலயும் தோட்டத்துலயும் வளந்ததுல இருந்துதான் வருது. கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் ஆராய்ச்சிக்காரங்க சவுக்கு, மலைவேம்புனு சீக்கிரம் வளர்ற ரகங்களைக் குடுத்துக்கிட்டே இருக்காங்க. விவசாயி நடறான், பேப்பர் மில்லும் பிளைவுட் மில்லும் வாங்குது.

விட்டுப் போனது வெட்டுனதுக்கு அப்புறம் செய்ய வேண்டிய வேலை. வேம்பு, வாகை, பூவரசு, மா, எதை எடுத்தாலும் என்ன மருந்து ஏத்தணும், எவ்ளோ நாள் காய வைக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க, ஆனா என் வீட்டுப் பக்கத்து டவுன்ல அறுக்கற மில் நாலஞ்சு இருந்தும் சூட்டு அறை ஒண்ணுகூட இல்ல, மருந்து ஏத்தற உருளை இல்லவே இல்ல. பச்சை மரத்தை அறுத்து வெயில்ல சாத்தி வைக்கறாங்க, மேல காய்ஞ்சிருக்கும் உள்ள ஈரம் இருக்கும், வீட்டுல மாட்டுனதுக்கு அப்புறம் அது மெதுவா சுருங்கும். பச்சை மரத்துல ஈரம் காய்ஞ்ச மரத்தோட எடைக்குச் சமமாகூட இருக்கும், 25, 30 சதவீதத்துக்குக் கீழ இறங்குனாதான் சுருங்கவே ஆரம்பிக்கும், அதுவும் ஆரத்துவாக்குல (நடுவுல இருந்து பட்டைப் பக்கமா) சுருங்கறதைப் போல ரெண்டு மடங்கு வளையத்துவாக்குல (வளையத்தைச் சுத்தி) சுருங்கும், அதனாலதான் சதுரமா அறுத்தது கோணிக்குது. நான் ரெண்டு ஊசி வச்ச சின்ன ஈரம் பாக்கற மீட்டரை ஆன்லைன்ல வாங்கிட்டு மரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை போலீஸ் மாதிரி பாத்தாரு. "கையை வச்சுப் பாருங்க தம்பி, சுடுது, இதுக்கு மேல என்ன காயணும்"னாரு. வீட்டுக்குள்ள நிக்கற மரம் நம்ம ஊர்ல 12 சதவீதம் பக்கம் இருக்கணும், அங்க அடுக்கி இருந்த "சீசன் பண்ண" தேக்குல மீட்டர் 20க்கு மேல காட்டுச்சு. என்ன மரம்னே சந்தேகம் வந்தா பெங்களூர்ல இருக்கற மர அறிவியல் நிறுவனத்துக்கு ஒரு துண்டு அனுப்பி பணம் கட்டுனா பாத்துச் சொல்லுவாங்க, பிளேடால முனையைச் சீவி லென்ஸ்ல துளை அமைப்பைப் பாத்தாலே பாதி மரம் தெரிஞ்சுரும். அந்தத் துண்டை அனுப்பறவங்கதான் இல்ல.

கடைசியா நான் வாசக்காலுக்கு அம்மா சொன்னபடி தேக்கு, வைரமா பாத்துப் பொறுக்கி. உள் கதவு ரெண்டுக்கு வாகை, அறுத்து ஒரு வருஷம் நிழல்ல அடுக்கி வச்சிருந்த ஒருத்தர்கிட்ட கிடைச்சுது. அலமாரிக்கு அந்த ரப்பர்.

இப்ப மண்டையில ஓடறது சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் எரிச்சுக் கரியாக்கி மூட்டை கட்டி அனுப்பறாங்க, தண்ணியை உறிஞ்சுது வேரோட பிடுங்குனு கோர்ட் வரைக்கும் போன மரம். இதே இனத்து மரங்கள் அர்ஜென்டினாவுல சாக்கோ மாகாணத்துல மேஜை நாற்காலி ஆகுது, டெக்ஸாஸ்ல தரைக்குப் போடறாங்க, காரணம் காயும்போது தேக்கை விடவும் கம்மியா சுருங்கற குணம். நம்ம ஊர்ல அது கோணல் மாணலா வளருது, தடிமன் வர்றதுக்குள்ள வெட்டிடறாங்க, பெரிய பலகை எடுக்க முடியாது, அதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா தரைக்குப் போடற கட்டைக்கு ஒரு சாண் நீளம் போதுமே. பரமக்குடி பக்கம் கரிமூட்டம் போடற ஒருத்தர்கிட்ட நல்ல தடிமனா நாலு கட்டை எரிக்காம எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். "எரிச்சா காசு, வச்சிருந்தா என்ன வரும்"னு கேட்டாரு. கரிக்குத் தர்ற விலையைப் போல ரெண்டு மடங்கு தரேன்னு சொல்லியிருக்கேன், ஆசாரி இப்பவே ரம்பத்தோட பல்லு போயிடும்னு புலம்பிக்கிட்டு இருக்காரு.